நீலத்துக்கு யார் சொந்தம்? ஒரு களைப்பூவின் கதை

1)
கார்ன்ஃப்ளவர்னு சொன்ன உடனே கோபி 65-க்கு போடுற சோள மாவுன்னு நினைச்சீங்களா? அது கார்ன்ஃப்ளோர். இது வேற. இது ஒரு பூ. மாடித்தோட்டக் குழுக்களில் "பல வண்ண கார்ன்ஃப்ளவர் விதை" என்று இப்போது பாக்கெட் பாக்கெட்டாக விற்கிறார்கள். படத்தைப் பார்த்துட்டு நிறைய பேர் வாங்குறாங்க. வாங்குறதுக்கு முன்னாடி இந்தப் பூவோட வரலாறைக் கொஞ்சம் தெரிஞ்சுக்குவோம். மன்னர் கல்லறை, களை எடுப்பு, கண் மருந்து, உலகப்போர், நோபல் பரிசு, நாஜிகள் என்று எல்லாமே இதில் இருக்கு. நீண்ட இழை. பொறுமையா படிங்க.

2)
முதலில் பெயர். கார்ன் என்றால் நமக்கு சோளம்தான். ஆனால் பழைய இங்கிலீஷில் கார்ன் என்றால் பொதுவாக தானியம். கோதுமை, பார்லி, ரை, எல்லாமே கார்ன்தான். அந்தத் தானிய வயலில் தானாக முளைக்கும் நீலப்பூ என்பதால் கார்ன்ஃப்ளவர்.

தாவரவியல் பெயர் சென்டோரியா சயனஸ். நம்ம சூரியகாந்தி, செவ்வந்தி, துலுக்க சாமந்தி எல்லாம் இருக்கிற அதே குடும்பம். ஒல்லியான தண்டு, சாம்பல் கலந்த பச்சை இலை, இரண்டு மூன்று அடி உயரம். உச்சியில் ஓரமெல்லாம் கிழித்துவிட்ட மாதிரி இதழ்களோடு அடர் நீலப் பூ.

3)
இந்தக் கதையை நாம் எகிப்தில் தொடங்கலாம். 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமுன் கல்லறையைக் கண்டுபிடித்தார். தங்க முகமூடியை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சவப்பெட்டிகள் மேலே பூமாலைகளும் இருந்தன. ஆலிவ் இலை, நீல அல்லி இதழ், கூடவே கார்ன்ஃப்ளவர். 3,300 வருஷம் பழைய பூ. இறக்கும்போது அந்த மன்னருக்கு வயது 18, 19 இருக்கலாம். அந்த வாடிய மாலையை இளம் விதவை ராணி வைத்திருப்பாள் என்று கார்ட்டர் உருகி எழுதினார். அது அவருடைய கற்பனை. ஆனால் பூ நிஜம்.

4)
இதில் ஒரு தடயவியல் சங்கதியும் இருக்கு. பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர்கள் இறந்த நேரத்தைக் கணிக்கிற மாதிரி, பெர்சி நியூபெரி என்ற எகிப்தியல் அறிஞர் மாலையில் இருந்த பூக்களையும் பழங்களையும் வைத்து அடக்கம் நடந்த பருவத்தைக் கணித்தார். எகிப்தில் கார்ன்ஃப்ளவர் எப்போது பூக்கும்? அந்த மாலையில் இருந்த மற்றப் பழங்கள் எப்போது பழுக்கும்? இரண்டையும் சேர்த்துப் பார்த்து, மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசிக்குள் அடக்கம் நடந்திருக்க வேண்டும் என்றார்.

ஒரு திருத்தம். எகிப்தியர்கள் மாலை கட்டியது இன்றைய விதை பாக்கெட்டில் வரும் அதே இனம் இல்லை. சென்டோரியா டிப்ரெஸ்ஸா என்ற நெருங்கிய சொந்தக்கார இனம். அது எகிப்து மண்ணின் செடியும் இல்லை. மேற்கு ஆசியாவிலிருந்து கொண்டுவந்து தோட்டத்தில் வளர்த்தார்கள். அதாவது இந்தப் பூவை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கிற ஆசை குறைந்தது 3,300 வருஷம் பழசு.

5)
ஐரோப்பாவில் கதை தலைகீழ். அங்கே இதை யாரும் வளர்க்கவில்லை. விவசாயத்தோடு ஒட்டிக்கொண்டு, விதைத் தானியத்தில் கலந்து, தானாகவே பரவியது. நெல் வயலில் கோரை எப்படியோ, அங்கே ரை வயலில் இது அப்படி.

அதோட தந்திரம் எளிமையானது. இலையுதிர் காலத்தில் விவசாயி ரை விதைப்பார். அதே நேரத்தில் இதுவும் முளைக்கும். ரை முற்றும்போது இதுவும் முற்றும். அறுத்து அடித்தால் தானியத்தோடு இதன் விதையும் மூட்டைக்குள் போகும். அடுத்த வருஷம் விவசாயியே தன் கையால் மறுபடி விதைப்பார். பழைய ஏரிகளின் அடிச்சேற்றில் புதைந்து கிடக்கும் மகரந்தத்தை ஆராய்பவர்கள், கார்ன்ஃப்ளவர் மகரந்தம் அதிகமாகத் தெரிந்தால் அந்தக் காலத்தில் அங்கே தானிய விவசாயம் பெருகியிருக்கு என்று படிக்கிறார்கள்.

தண்டு கம்பி மாதிரி இருக்கும். அறுக்கிற அரிவாள் மழுங்கிவிடும். அதனால் இங்கிலீஷ் விவசாயிகள் இதற்கு வைத்த பெயர் ஹர்ட்சிக்கிள், அரிவாளை வதைக்கிறது. அழகான பூன்னு ரசிக்கிறதுக்கு அவங்களுக்கு நேரம் ஏது?

6)
களையாகவே இருந்தாலும் வைத்தியத்தில் இடம் பிடித்துவிட்டது. சென்டோரியா என்ற பெயரே கிரேக்கப் புராணத்தில் வரும் சென்டார்களிடமிருந்து வந்தது. பாதி மனிதன், பாதி குதிரை. அந்தச் சென்டார்களில் வைத்தியம் தெரிந்த கைரான், புண்ணை ஆற்றப் பயன்படுத்திய மூலிகை என்பது கதை.

பிறகு ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை வலுத்தது. ஒரு செடி எந்த உறுப்பு மாதிரி தெரிகிறதோ, அந்த உறுப்புக்கு அது மருந்து. வால்நட் மூளை மாதிரி இருக்கா, மூளைக்கு நல்லது. இந்த மாதிரி. அப்போ நீலப்பூ? நீலக் கண்ணுக்கு! இந்தப் பூவை வடித்த நீரைக் கண் கழுவப் பயன்படுத்தினார்கள். பிரான்ஸில் இதற்கு ஒரு செல்லப் பெயரே உண்டு: கண்ணாடியை உடைக்கிறது. இதைப் போட்டால் மூக்குக் கண்ணாடியே தேவைப்படாதாம்.

7)
இங்கே டாக்டராக ஒரு நிமிஷம் குறுக்கிடணும். கார்ன்ஃப்ளவர் நீரால் பார்வைக் குறைபாடு சரியாகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கண்ணாடி போடுவது கண்ணின் வடிவத்தால் ஒளி சரியாகக் குவியாத பிரச்சினைக்கு. எந்தப் பூவின் சாறும் அந்த வடிவத்தை மாற்றாது.

நம்ம ஊர்லயும் நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று கண்ணில் விடுகிற வழக்கம் இன்னும் இருக்கு. சுத்தமில்லாத எதையும் கண்ணில் விட்டால் கருவிழியில் கிருமித் தொற்று வந்து புண்ணாகும். அது ஆறினாலும் வெள்ளைத் தழும்பு விழுந்து பார்வை நிரந்தரமாகப் போகலாம். கண்ணில் தூசி, உறுத்தல், சிவப்பு எதுவானாலும் சுத்தமான தண்ணீரில் கழுவிட்டு நேரா கண் டாக்டரைப் பாருங்க. பூவைத் தோட்டத்தோட விட்டுடுங்க.

சரி, கதைக்கு வருவோம்.

8)
19-ஆம் நூற்றாண்டில் இந்தக் களை அரசியலுக்குள் நுழைகிறது. 1806 அக்டோபர் 14. ஜெர்மனியின் யேனா, அவுயர்ஷ்டட் களங்களில் நெப்போலியனின் படைகள் பிரஷ்யாவை நொறுக்குகின்றன. பிரஷ்ய அரசி லூயிஸ் குழந்தைகளோடு பெர்லினிலிருந்து கிழக்கே தப்பி ஓடுகிறார்.

அந்த ஓட்டத்தைப் பற்றி ஜெர்மனியில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லப்பட்ட கதை இது. வழியில் வண்டி உடைந்துவிட்டது. அழும் குழந்தைகளை ஒரு வயலுக்குள் ஒளித்து வைத்து, அங்கிருந்த நீலப்பூக்களைப் பறித்துக் கிரீடம் பின்னி அவர்களைச் சமாதானப்படுத்தினார் அரசி. அந்தக் குழந்தைகளில் ஒருவன் ஒன்பது வயது வில்ஹெல்ம்.

9)
கேட்க நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் யோசிங்க. கார்ன்ஃப்ளவர் பூப்பது கோடையில், ரை அறுவடைக்கு முன்னால். அரசி ஓடியது அக்டோபர் பாதிக்கு மேல். அதற்குள் அறுவடை முடிந்து வயல் மொட்டையாகக் கிடந்திருக்கும். எங்கேயாவது ஒன்றிரண்டு பூ தப்பியிருக்கலாம். குழந்தைகளை ஒளித்து வைக்கிற அளவுக்குப் பூத்துக் குலுங்கும் வயல் கிடைத்திருக்காது.

ஆனால் கதைக்குப் பருவம் முக்கியமில்லை. லூயிஸ் 1810-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்தச் சிறுவன் வில்ஹெல்ம் 1871-இல் பிரான்ஸைத் தோற்கடித்து, ஒன்றுபட்ட ஜெர்மனியின் பேரரசன் ஆனார். அவருக்குப் பிடித்த பூ எது? அம்மா பின்னிய கிரீடத்தின் பூ. அரிவாளை மழுக்கிய களைக்குப் பேரரசன் பூ என்ற பட்டம் கிடைத்தது.

10)
பக்கத்து நாடு ஆஸ்திரியா. அங்கே கெயோர்க் ஃபான் ஷோனெரர் என்ற அரசியல்வாதி இருந்தார். ஆஸ்திரியாவின் ஜெர்மானியப் பகுதிகள் ஜெர்மனியோடு சேர வேண்டும் என்பது அவர் கொள்கை. கூடவே கடுமையான யூத வெறுப்பு. சொந்தப் பேரரசனை விட்டுவிட்டுப் பக்கத்து நாட்டுப் பேரரசனைக் கொண்டாடிய அவருடைய ஆதரவாளர்கள், வில்ஹெல்மின் பூவைச் சட்டையில் செருகிக்கொண்டார்கள். அப்போது வியன்னாவில் திரிந்த ஓர் இளைஞன் ஷோனெரரின் கருத்துகளில் மயங்கினான். அவன் பெயர் அடால்ஃப் ஹிட்லர்.

வயல் பூவுக்கு இப்போது ஒரு ரத்தக் கணக்கு ஆரம்பிக்குது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

11)
இப்போ பிரான்ஸ். முதல் உலகப்போர். 1914 ஆகஸ்டில் பிரெஞ்சு வீரர்கள் போருக்குப் போனது பளிச்சென்ற சிவப்புக் கால்சட்டையில். எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக்கு எவ்வளவு வசதி! ஆகஸ்ட் 22 என்ற ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். சாவுக்குக் கால்சட்டை மட்டும் காரணமில்லை. ஆனால் அந்தச் சிவப்பு போயாக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

புதுத் துணிக்கு முதலில் போட்ட திட்டம் நீலம், வெள்ளை, சிவப்பு நூல்களைக் கலந்து நெய்வது. கொடியின் மூன்று நிறம். ஆனால் சிவப்புச் சாயம் வந்துகொண்டிருந்தது எங்கிருந்து தெரியுமா? ஜெர்மனியிலிருந்து. போர் வந்ததும் அது நின்றது. சிவப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நீலமும் வெள்ளையும். இப்படித்தான் பிரெஞ்சு ராணுவத்தின் புகழ்பெற்ற வெளிர் நீலச் சீருடை பிறந்தது. அடிவான நீலம் என்று அதற்குப் பெயர்.

12)
1915-இலிருந்து புதிதாகச் சேர்ந்த பையன்கள் இந்தச் சீருடையில் போர்முனைக்கு வந்து இறங்கினார்கள். பதுங்குகுழிச் சேற்றில் ஊறி, தாடி வளர்ந்து, கிழிந்த உடையோடு இருந்த பழைய வீரர்கள் இந்தப் புதுப் பசங்களைப் பார்த்துச் சிரித்து வைத்த பட்டப்பெயர் ப்ளுவே. பிரெஞ்சில் கார்ன்ஃப்ளவருக்குப் பெயர் அதுதான். குண்டு விழுந்து புரட்டிப்போட்ட அந்த மண்ணில் முளைத்துப் பூத்ததும் சிவப்புப் பாப்பியும் நீலக் கார்ன்ஃப்ளவரும்தான். களைகளுக்கு உழுத மண் பிடிக்கும். உழுதது கலப்பையா பீரங்கியா என்று அவை பார்ப்பதில்லை.

பிரிட்டன் பாப்பியை எடுத்துக்கொண்டது. பிரான்ஸ் ப்ளுவேயை எடுத்துக்கொண்டது. எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் இந்த இழையில் எனக்குப் பிடித்த பகுதி.

13)
பாரிஸில் லெஸ் அன்வலீட் என்ற பெரிய வளாகம் இருக்கு. போரில் ஊனமுற்ற வீரர்களுக்காக மன்னர் 14-ஆம் லூயி 1670-இல் தொடங்கியது. நெப்போலியன் சமாதி இருக்கிற இடம் என்றால் சுற்றுலா போனவர்களுக்குத் தெரியும். முதல் உலகப்போரில் அது கை கால் இழந்தவர்களால் நிரம்பியது.

அங்கே சுசான் லென்ஹார்ட் தலைமை நர்ஸ். ராணுவக் கேப்டனாக இருந்த கணவரை 1915-இல் போரில் பறிகொடுத்தவர். கூட இருந்தவர் ஷார்லட் மாலெதெர். அந்த வளாகத்தின் தலைவராக இருந்த தளபதியின் மகள், இன்னொரு தளபதியின் மனைவி.

14)
காயம் ஆறிவிட்டது. ஆனால் மனிதர்கள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள். வயது இருபது, இருபத்தைந்து. கால் இல்லை. வேலை இல்லை. இனி யாருக்குப் பயன் என்ற கேள்வி. அரசு மருத்துவமனை வார்டில் விபத்துக்கோ சர்க்கரை நோய்க்கோ காலை இழந்தவரைப் பார்த்த யாருக்கும் இந்த முகம் தெரியும். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடலாம். அந்த ஆள் சாப்பிட மறுப்பதை எந்தத் தையலும் சரிசெய்யாது.

1916-இல் இந்த இரண்டு பெண்களும் ஒரு பட்டறை தொடங்கினார்கள். வீரர்கள் உட்கார்ந்து ப்ளுவே பூ செய்ய வேண்டும். இதழுக்கு நீலத்துணி. நடுவில் இருக்கும் மகரந்தத் தாளுக்குப் பழைய செய்தித்தாள். அந்தப் பூக்களை ஊரில் விற்றார்கள். கிடைத்த பணம் செய்தவர்களுக்கு.

15)
இன்று இதற்கு நாம் தொழில்வழி சிகிச்சை என்று பெயர் வைத்துத் தனிப் படிப்பே வைத்திருக்கிறோம். விரலுக்குப் பயிற்சி. நாளுக்கு ஒரு ஒழுங்கு. பக்கத்தில் பேச ஆள். கையில் சொந்தக் காசு. இந்த நாலும் சேர்ந்தால் நோயாளி மறுபடி மனிதராகிறார். மாத்திரை மட்டும் அந்த வேலையைச் செய்யாது.

அந்தப் பூவை நினைத்துப் பாருங்க. செய்தித்தாளில் போர் பற்றிய செய்தி இருந்திருக்கும். அதைக் கத்தரித்து ஒரு பூவின் நடுப்பகுதியாக்கியது அதே போரில் கையோ காலோ இழந்த ஒருவர்.

16)
போர் முடிந்தும் பூ நிற்கவில்லை. 1934 நவம்பர் 11, போர்நிறுத்த நினைவு நாளில் பாரிஸில் 1,28,000 பூக்கள் விற்றன. 1935-லிருந்து அந்த நாளில் நாடு முழுக்க இதை விற்பதை அரசே அதிகாரபூர்வமாக்கியது. இன்றைக்கும் நவம்பர் 11 அன்று பிரெஞ்சு அதிபர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை சட்டையில் அந்த நீலப்பூவைக் குத்திக்கொள்கிறார்கள். அதில் சேரும் பணம் முன்னாள் வீரர்களுக்கும், போரில் கணவரை இழந்த பெண்களுக்கும், தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கும் போகிறது.

யோசிங்க. ஆற்றின் இந்தக் கரையில் அந்தப் பூ பிரான்ஸைத் தோற்கடித்த பேரரசனின் பூ. அந்தக் கரையில் அதே பூ பிரான்ஸின் வீர அஞ்சலி.

17)
இப்போ கதைக்குள்ள ஒரு விஞ்ஞானி வர்றார். ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர். 1872-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் பிறந்த யூதர். தாவரங்களின் நிறம் எங்கிருந்து வருகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. 1913-இல் அவரும் எவரெஸ்ட் என்ற உடன் ஆய்வாளரும் கார்ன்ஃப்ளவர் நிறமியைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு ரோஜாவின் சிவப்பையும் பிரித்தெடுத்துப் பார்த்தார் வில்ஸ்டேட்டர்.

இரண்டும் ஒரே மூலக்கூறு!

சிவப்பு ரோஜாவுக்கும் நீலக் கார்ன்ஃப்ளவருக்கும் சாயம் ஒன்றேதான். சயனிடின் என்ற குடும்பம். தாவர நிறமிகள் பற்றிய ஆராய்ச்சிக்காக, முக்கியமாக இலையின் பச்சையத்துக்காக, 1915-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் அவருக்குக் கிடைத்தது.

18)
அப்போ ஏன் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்? சங்குப்பூ டீ போட்டுப் பார்த்திருப்பீங்க. நீலமா இருக்கும். எலுமிச்சை பிழிஞ்சா ஊதாவாகி, இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். பள்ளிக்கூட லிட்மஸ் தாள் மாதிரி. ரோஜா இதழுக்குள் இருக்கும் சாறு அமிலம், கார்ன்ஃப்ளவர் சாறு காரம், அதனால்தான் இந்த நிற வித்தியாசம் என்றார் வில்ஸ்டேட்டர்.

அழகான விளக்கம். ஆனால் கார்ன்ஃப்ளவர் இதழின் சாற்றை அளந்தால் அதுவும் அமிலமாகத்தான் இருந்தது. 1919-இல் ஜப்பானின் ஷிபாட்டா சகோதரர்கள், உலோகம் சேர்வதால்தான் நீலம் வருகிறது என்றார்கள். சண்டை பல பத்தாண்டு நடந்தது. 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முழு அமைப்பையும் படம்பிடித்தார்கள். ஆறு நிறமி மூலக்கூறுகள், ஆறு துணை மூலக்கூறுகள், அவற்றை நடுவில் பிடித்துக் கட்டும் ஓர் இரும்பு அயனி, ஒரு மெக்னீசியம் அயனி, இரண்டு கால்சியம் அயனிகள். நம்ம ரத்தத்தில் சிவப்பைத் தருகிற இரும்பு, இந்தப் பூவில் நீலத்துக்குத் துணை நிற்கிறது.

19)
வில்ஸ்டேட்டர் கதை அத்தோடு முடியவில்லை. முதல் உலகப்போரில் விஷவாயு வந்தபோது, ஜெர்மன் வீரர்களின் முகமூடிக்கு வடிகட்டி வடிவமைத்துக் கொடுத்தவர் அவர். அதற்காக இரும்புச் சிலுவை பதக்கம் பெற்றார். நாட்டுக்காக இதற்கு மேல் ஒரு வேதியியலாளர் என்ன செய்ய முடியும்?

1924-இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஒரு யூத விஞ்ஞானியைப் பேராசிரியராக நியமிக்க மறுத்தார்கள். அதை எதிர்த்துத் தன் சொந்தப் பதவியை ராஜினாமா செய்தார். திரும்பப் போகவேயில்லை. நாஜி ஆட்சி இறுகியது. 1939-இல் தன் சொத்தில் பெரும்பகுதியை விட்டுவிட்டு ஸ்விட்சர்லாந்துக்குப் போனார். 1942-இல் அங்கேயே இறந்தார்.

20)
அதே வருஷங்களில் ஆஸ்திரியாவில் என்ன நடந்தது? 1933-இல் அங்கே நாஜிக் கட்சி தடை செய்யப்பட்டது. தடை இருந்த காலத்தில் உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் காணச் சட்டையில் செருகிய பூ கார்ன்ஃப்ளவர். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதும் ஒளிந்து அணிய வேண்டிய அவசியம் போய்விட்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அந்தப் பூவின் நீலம் எந்தப் பொருளால் ஆனது என்று முதலில் பிரித்துக் காட்டியவர் ஒரு ஜெர்மன் யூதர். அதே நீலத்தை நெஞ்சில் குத்திக்கொண்டவர்களின் சித்தாந்தம்தான் அவரை நாட்டைவிட்டு விரட்டியது.

21)
இது பழங்கதை என்று நினைக்காதீங்க. 2006-இல் ஆஸ்திரிய நாடாளுமன்றத் தொடக்கத்துக்கு அந்நாட்டு சுதந்திரக் கட்சி உறுப்பினர்கள் கார்ன்ஃப்ளவர் அணிந்து வந்தார்கள். கண்டனம் எழுந்தது. இது 1848 விடுதலைப் போராட்டக்காரர்களின் அடையாளம் என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள். 2017-இல் அதை விட்டுவிட்டு எடல்வைஸ் என்ற மலைப்பூவுக்கு மாறினார்கள்.

ஆனால் எஸ்டோனியாவில் இதே பூதான் தேசியப் பூ. அங்கே அதற்கு அர்த்தம் ரை வயல், ரை ரொட்டி, சொந்த மண். சுவீடனில் ஒரு லிபரல் கட்சியின் சின்னம். ஒரு பூவைப் பார்த்து மட்டும் ஒருவரை முடிவு செய்ய முடியாது. எந்த ஊரில், எந்த வருஷத்தில், யார் சட்டையில் என்று கேட்கணும்.

22)
சின்னத்துக்கு இவ்வளவு சண்டை நடக்கும்போது, செடிக்கு என்ன ஆச்சு? வயலில் இருந்து காணாமல் போய்க்கொண்டிருந்தது. விதையைச் சல்லடை போட்டுச் சுத்தம் செய்யும் இயந்திரம் வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு களைக்கொல்லி வந்தது. அரிவாளை மழுக்கிய செடி, பிரிட்டனில் வயல் பூவாக அழியும் நிலைக்குப் போனது.

அதைக் காப்பாற்றியதில் வீட்டுத் தோட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலீஷ் தோட்டக்காரர்கள் வயலின் நீலத்தோடு வேறு நிறங்களையும் பொறுக்கி எடுத்து வளர்த்தார்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா, கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரியும் அடர் சிவப்பு. வெள்ளையில் அந்த நிறமி இல்லை. இளஞ்சிவப்பில் இருப்பது கொஞ்சம் மாறிய பெலார்கோனிடின். ஒரே ஓர் ஆக்சிஜன் அணு குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம். "பல வண்ண" பாக்கெட்டுக்குள் இருப்பது இந்த நானூறு வருஷப் பொறுக்கல்.

23)
வளர்க்க ஆசைப்படுறவங்களுக்கு:

இது குளிர்காலச் செடி. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மாதிரி இடங்களின் குளிர் இதற்கு ஒத்துவரும். சமவெளியில் இருப்பவர்கள் கார்த்திகை வாக்கில், பெருமழை ஓய்ந்ததும் விதையுங்க. வெயில் ஏறினால் வாடிவிடும்.

விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு மண்ணால் மூடணும். முளைக்க இருட்டு வேணும். நேரடியாகத் தொட்டியிலேயே விதைப்பது நல்லது. பிடுங்கி நட்டால் வேர் கோபித்துக்கொள்ளும். செடிக்குச் செடி முக்கால் அடி முதல் ஓர் அடி இடைவெளி. தினம் ஆறு மணி நேர வெயில். தண்ணீர் தேங்கக் கூடாது.

உரம் அதிகம் போடாதீங்க. இது களையாக வளர்ந்த செடி. சத்து கூடினால் இலையாக வளர்ந்து சாய்ந்துவிடும். வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் மேலும் பூக்கும். கடைசியில் சில பூக்களை அப்படியே விட்டால் அடுத்த வருஷ விதை உங்கள் கையில்.

பார்த்தீனியம், சாமந்தி ஒவ்வாமை உள்ளவங்க கையுறை போட்டுக்கோங்க. ஒரே குடும்பம், தோல் அரிப்பு வரலாம். கண்ணில் விடக்கூடாதுன்னு ஏற்கனவே சொல்லிட்டேன்.

24)
ஒரு களை. எகிப்தில் மரண மாலை. ஐரோப்பாவில் அரிவாளுக்கு எதிரி. ஒரு பேரரசனின் அம்மா நினைவு. ஒரு கும்பலின் ரகசிய அடையாளம். லெஸ் அன்வலீட் பட்டறையில் அது ஒரு நாள் கூலி, ஒரு நாள் உயிர்ப்பு. பூவுக்கு இதில் எதுவும் தெரியாது. இரும்பையும் கால்சியத்தையும் மண்ணிலிருந்து உறிஞ்சி நீலமாகப் பூத்துவிட்டு உதிர்கிறது.

எனக்கு இதில் யாருடைய கார்ன்ஃப்ளவர் வேணும்னு கேட்டா, யோசிக்காம சொல்வேன். சுசான் லென்ஹார்ட்டோடது. கணவர் செத்த மறு வருஷமே, அடுத்தவங்க பிள்ளைகளைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்கார வைத்து, கையில் கத்தரிக்கோலும் நீலத்துணியும் கொடுத்த அந்த நர்ஸோடது.

உங்கள் தொட்டியில் நீலம் பூத்தால் படம் அனுப்புங்க.